சுண்ணாம்புச் சுவர்கள்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கைவிடப்பட்ட கல்குவாரியின் அடியில், சுற்றிலும் செங்குத்தாக வெட்டப்பட்ட பாறை நிற்க, வெட்டவெளியில் அது தனியாகக் கிடந்தது. இரண்டு காபி டம்ளர்களோடு ஒரு மேஸ்திரி அதை நோக்கி வந்தார். நேராக வந்திருந்தால் நாலு எட்டில் சேர்ந்திருப்பார். அவர் வலப்பக்கம் திரும்பினார், கொஞ்ச தூரம் நடந்தார், மறுபடி இடப்பக்கம் திரும்பினார், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் தோளைச் சற்றுக் குறுக்கிக்கொண்டு நுழைந்தார். டம்ளர்களை நாற்காலிமேல் வைத்துவிட்டு, அதே சுற்றுவழியில் திரும்பிப் போனார்.

அப்போது நான் ஒரு நாளிதழின் மைசூரு நிருபர். நஞ்சன்கூடு சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தக் குவாரியில் அலுவலகங்கள், கடைகள், ஓட்டல், பொழுதுபோக்குக் கூடம் எல்லாம் சேர்ந்த பெரிய வளாகம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. உண்மையா என்று பார்க்கப் போயிருந்தேன். லாரிகள் இறங்கிய சரிவில் நடந்து இறங்கி, நாற்காலியை நோக்கி நேராகப் போனேன்.

"சார், சுவர் சார்!"

பின்னாலிருந்து வந்தது பெண்குரல். மஞ்சள் ஹெல்மெட், பருத்திப் புடவைமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, முழங்கைவரை வெள்ளை. கையில் ஆணியால் துளையிட்ட பால்பவுடர் டின்.

"எங்கே சுவர்?"

"அதுக்குள்ளதான் நிக்கிறீங்க. கதவு அந்தப் பக்கம். ஸ்வல்ப சுத்தி வாங்க."

குனிந்து பார்த்தேன். என் செருப்புக்கு அடியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அது நீண்டு, மடங்கி, இன்னொரு கோட்டோடு சேர்ந்து, குவாரியின் அடி முழுக்கப் பரவியிருந்தது. நான் பின்வாங்கியதும் அவர் வந்து, கலைந்த இடத்தில் டின்னைத் தட்டிக் கோட்டைச் சரிசெய்தார். சுற்றி வந்து, கோடு விட்டிருந்த இடைவெளி வழியாக நுழைந்தேன்.

"ஆய்த்து. இப்ப உக்காருங்க. இது வரவேற்பறை" என்றார்.

அந்த வளாகத்தின் கட்டடக் கலைஞர் அவர். குவாரியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தமிழர்களுக்கு 'சுண்ணாம்பு மேடம்', கன்னடக்காரர்களுக்கு 'சுண்ணத மேடம்'. மைசூரு மண்டி மொஹல்லாவில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். மேடமோ பெங்களூரில் பெரிய கட்டட நிறுவனம் ஒன்றில் நல்ல பதவியில் இருந்தவர், இந்தக் குழிக்காக அதை விட்டுவிட்டு வந்திருந்தார்.

கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டுமுன் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். மற்றவர்கள் தோண்டுவதற்கு முந்தின நாள் போடுவார்கள். இவர் ஒரு வருடம் முன்பே போட்டார். முழு வளாகத்தையும் முழு அளவில் தரையில் போட்டு, அதற்குள் எல்லோரையும் வாழ வைத்தார். சுவர் என்றால் சுவர்தான். அதைத் தாண்டக் கூடாது. படிக்கட்டு என்று போட்ட இடத்தில் மெதுவாக நடக்க வேண்டும். ஓடினால், "விழுந்துடுவீங்க" என்பார். அந்தக் குரலில் விளையாட்டு துளியும் இருக்காது.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"காகிதத்துல யாருக்கும் முழங்கை இடிக்கிறதில்ல சார்" என்றார். அவ்வளவுதான். மறுபடி கேட்டாலும் அதே வாக்கியம்தான் கிடைக்கும்.

முழங்கை இடித்த கதைகள் நிறைய. நிலத்தின் உரிமையாளர் எழுபதைத் தாண்டிய கன்னடக்காரர், கனத்த உடம்பு. தாத்தா காலத்திலிருந்து கல் வெட்டும் ஆட்களோடு பழகியதில் தமிழ் பேசுவார். குவாரி நின்றபிறகு அந்தக் குழியை நகரத்தின் கட்டட இடிபாடுகளைக் கொட்ட விட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். "குழில யாராவது அங்காடி வப்பாங்களா, அம்மா? ஜனங்க மேல ஏறித்தான் போவாங்க, கீழ எறங்குவாங்களா?" என்பது அவர் வாதம்.

மேடம் வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரைக் கீழே அழைத்துவந்து, ஓட்டலின் வரவேற்பில் பதிவு செய்யச் சொல்லி, கோடுகளுக்கு நடுவே நடத்திக்கொண்டுபோய் ஓர் அறையில் விட்டார். இது கட்டில், இது ஜன்னல், எதிரே தண்ணீர், அதற்குப் பின்னால் பாறை. பெரியவர் கட்டில் கோட்டுக்குள் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குழியின் அடியில் காற்று குளிர்ந்திருந்தது. வெட்டுப்பாறையில் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைக்குப் போன் போட்டு, "ரூம் நல்லா இருக்கு" என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு குளியலறையைக் காட்டச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். கமோடு இருக்கும் இடத்தில் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் இரண்டு முழங்கால்களும் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏனம்மா இது? என் காலு வராண்டாவுல இருக்கு. போறவன் வர்றவன் எல்லாம் பாத்துட்டுப் போவான்."

மேடம் சிரிக்கவில்லை. டின்னை எடுத்து, பழைய கோட்டைக் காலால் தேய்த்து, புதுக் கோட்டை ஓர் அடி தள்ளிப் போட்டார். "இப்ப கதவ சாத்துங்க சார்." பெரியவர் இல்லாத கதவை இழுத்துச் சாத்தினார். இடிபாடு கொட்டும் பேச்சு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. இன்று அந்த ஓட்டலின் குளியலறைகள் எல்லாமே அந்த ஓர் அடி கூடுதலோடுதான் இருக்கின்றன.

இந்தப் பழக்கம் குவாரியோடு நிற்கவில்லை என்பதுதான் சிலருக்குச் சங்கடம். கடன் கேட்கப்போன வங்கியில், அதிகாரிக்கு விளங்கவில்லை என்றதும் கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அவர் அறையின் பளிங்குத் தரையில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். காவலாளி ஓடிவந்தார். "கொஞ்சம் தள்ளுங்கண்ணா, லிஃப்ட்ல நிக்கிறீங்க" என்றாராம் இவர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திப்பாயை இடம் மாற்றிப் போடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரோடு மனத்தாங்கல் வந்த கதையும் உண்டு. அவரோடு கொஞ்ச நாள் பழகினால் வெற்றிடத்தில் நடக்கக் கால் தயங்கும். எனக்கே அது நடந்தது.

ஜூன் மாத மழை ஒரே மாலையில் எல்லாக் கோடுகளையும் கரைத்துக்கொண்டு போனது. மறுநாள் போனபோது பாறை கழுவிவிட்டதுபோல் கிடந்தது. மேஸ்திரிகள் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்கள். மேடம் மட்டும், வெள்ளைத் தண்ணீர் ஓடிய தடத்தைத் தொடர்ந்து குனிந்தபடியே நடந்துகொண்டிருந்தார். சுண்ணாம்பு போன வழியில்தான் மழைநீரும் போகும். திறந்தவெளி மேடை என்று அவர் குறித்திருந்த இடத்தில் அது குளமாய்த் தேங்கி வெளுத்திருந்தது.

"பாத்தீங்களா, மேடைல மொத கச்சேரி ஆயிடுச்சு" என்றார். மேடையை எதிர்ப்பக்கம் மாற்றினார். தேங்கிய இடத்தை, வரைபடத்தில் இருந்த ஏரியோடு சேர்த்தார். வாரக் கடைசிக்குள் எல்லாக் கோடுகளும் திரும்ப வந்துவிட்டன.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் கடை வரிசை.

குவாரியின் விளிம்பில் ஒரு காலனி இருந்தது. மாநில எல்லையில் ஓடும் பாலாறு தாண்டி, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கல் உடைக்க வந்த குடும்பங்கள். குவாரி நின்றதும் ஆண்கள் வேறு வேலைகளுக்குச் சிதறினார்கள். பெண்கள் சாலையோரம் அடுப்பு வைத்து இட்லி, டீ, பணியாரம் விற்றுப் பிழைத்தார்கள். வளாகத்தின் மதிற்சுவர் அந்தச் சாலையோரத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வந்தால் அடுப்புகளுக்கு இடமில்லை. அதனால் சரிவு முடியும் இடத்தில், வளாகத்தின் முகப்பிலேயே, அவர்களுக்கென்று சின்னக் கடைகளின் வரிசை ஒன்றை மேடம் வரைபடத்தில் சேர்த்திருந்தார். பிறகு வழக்கம்போலத் தரையிலும் போட்டார். ஒவ்வொரு பெண்ணையும் அவளவள் கடைக்குள் நிற்கவைத்து, அடுப்பு எங்கே, பாத்திரம் எங்கே என்று கேட்டுக் கேட்டுக் கோட்டைத் திருத்தினார்.

பெண்கள் அதை அவரைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். கட்டட வேலை தொடங்கி ஆட்கள் வந்திறங்கியதும், அடுப்புகளைக் கீழே கொண்டுவந்து கோடுகளுக்குள் வைத்துக் கடையைத் திறந்தே விட்டார்கள். காலையில் அவரவர் கதவுக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். எது சுவர், எது கோலம் என்று புதிதாக வருபவர்களுக்குக் குழம்பும். சண்டையும் வந்தது.

"ஏ மல்லிகா, உன்ற அடுப்புப் புகை என்ற கடைக்குள்ளாற வருது. நடுவுல சுவரு இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"சுவரு இருந்தா புகை எப்புடிடி வரும்? மூக்க உன்ற கடைக்குள்ளயே வச்சுக்க."

மேடம் வந்து இருதரப்பையும் கேட்டுவிட்டு, மல்லிகாவின் அடுப்பை எதிர்மூலைக்கு மாற்றினார். கட்டிய பிறகும் அடுப்பு அந்த மூலையில்தான். புகைபோக்கியும் அங்கேதான்.

வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து திருத்திய வரைபடம் வந்தது. பணம் போடும் நிறுவனம் அனுப்பியது. அதில் கடை வரிசை இல்லை. அந்த இடத்தில் கார்கள் வந்து ஆட்களை இறக்கிவிடும் பாதை இருந்தது. முகப்பில் இட்லிக் கடை இருந்தால் பெரிய கம்பெனிகள் வாடகைக்கு வராது என்று ஒரு வரிக் காரணம். பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு போட உத்தரவு.

மேடம் புதுக்கோடு போட்டார். செங்கல் பொடியால், சிவப்பாக, சொன்ன அளவு பிசகாமல். பழைய வெள்ளைக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. நிறுவனத்தின் துணைத் தலைவருக்குப் போன் செய்து, "வெள்ளைய நீங்களே வந்து அழிச்சுக் குடுத்துடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர், நேரம் தவறாதவர், கோபக்காரர் என்றும் பெயர். வரிசை போய்விட்டது என்றே நான் நினைத்தேன். மல்லிகாவும் அப்படித்தான் நினைத்தாள். இட்லிப் பானையை அன்று கடைசி முறையாக ஏற்றுகிறேன் என்று காலையிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

துணைத் தலைவரின் கார் காலை உணவு வேளையில் சரிவில் இறங்கியது. ஓட்டுநர் சிவப்புக் கோட்டுக்குள் வண்டியைத் திருப்பப் பார்த்தார். முன்னே போனால் பாறை. பின்னே வந்தால் சரிவு, அதில் கான்கிரீட் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. முன்னே, பின்னே, முன்னே. துணைத் தலைவர் கதவைத் திறந்து இறங்கினார்.

"ஒரு காருக்கே இந்தப் பாடுன்னா! யாருங்க இதைப் போட்டது?"

"உங்க ஆபீஸ்ல போட்டது சார். நான் அளவு மாத்தல" என்றார் மேடம்.

துணைத் தலைவர் பசியோடு வந்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தட்டுகள் ஆவி பறக்கும் பக்கமாக நடந்தார். நேர்வழியில் மல்லிகாவின் கோலம் கிடந்தது. அதை மிதிக்காமல் ஒதுங்கினார். ஒதுங்கியவர் கதவுக்கு நேராக வந்தார். உள்ளேயிருந்து ஒரு கம்பி கட்டும் ஆள் தட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தான். இரண்டு பக்கமும் திறந்த வெளி. ஆனாலும் அவர் நின்று, அந்த ஆள் வெளியேறட்டும் என்று காத்திருந்து, பிறகு நுழைந்தார்.

"வாங்கங்க, உக்காருங்க. சூடா இருக்குதுங்க" என்றாள் மல்லிகா.

அவள் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார். "நீங்க எந்தப் பக்கமுங்க?"

"மேட்டூருப் பக்கமுங்க. எங்க மாமியார் காலத்துலயே பாலாறு தாண்டி வந்துட்டமுங்க."

அவர் நன்றாகச் சாப்பிட்டார். இன்னொரு தடவை சட்னி கேட்டு வாங்கினார். மேடம் வெளியே, சுவருக்கு அப்பால், கையில் துடைப்பத்தோடு நின்றார்.

சாப்பிட்டு எழுந்தவர் கையைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தார். "கை கழுவோணுமுங்க. வெளிய போற வழி எதுங்க?"

மல்லிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கடைக்காரி மூடிக்கொள்ளவில்லை. "வந்த வழியேதானுங்க. சுவத்துல முட்டிக்காதீங்க!"

அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். வெள்ளைக் கோடு, அதன்மேல் குறுக்கே ஓடும் சிவப்புக் கோடு. பிறகு தான் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் கதவு வழியாத்தானுங்களே வந்திருக்கேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மேடம் துடைப்பத்தை நீட்டினார். "அழிக்கணும்னா இதோ இருக்கு சார். எது அழியணும்னு நீங்க சொன்னா போதாது. நீங்கதான் அழிக்கணும்."

"சாப்புட்ட கை காயறதுக்குள்ள இந்த வேலையச் செய்யச் சொல்றீங்களாக்கும்?" என்று சிரித்துவிட்டார் அவர். கை கழுவிவிட்டு வந்து துடைப்பத்தை வாங்கினார். சிவப்புக் கோட்டின் ஒரு முனையைப் பெருக்கிவிட்டு, ஓட்டுநரிடம் கொடுத்து மிச்சத்தைப் பெருக்கச் சொன்னார். கார்கள் மேல்தட்டிலேயே நிற்கட்டும், அங்கிருந்து ஆட்கள் லிஃப்டில் இறங்கட்டும் என்று அங்கேயே முடிவானது. பெண்கள் குலவையிட்டார்கள். குழியின் பாறை அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது.

விஷயம் அதோடு முடியவில்லை. சில வாரங்களில் இன்னொரு கடிதம் வந்தது. வரிசை இருக்கலாம், ஆனால் நிறுவனமே அதை நடத்தும். பெண்களுக்குச் சீருடையும் சம்பளமும் தரப்படும். மேடம் அதை அவர்களுக்குப் படித்துக் காட்டினார்.

"என்ற கடைலயே நான் கூலிக்காளா?" என்றாள் மல்லிகா.

எல்லோரும் கேட்கும்படி மேடம் ஸ்பீக்கரில் போட்டுத் துணைத் தலைவரை அழைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு நீங்க யார் கடைல சாப்டீங்க?"

"மல்லிகாம்மா கடைலங்க."

"அஷ்டே சார், அவ்வளவுதான். அதையே பத்திரத்துல எழுதிடுங்க."

நிர்வாகக் குழுவில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பதில் எதுவும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. சுவர்கள் கல்லிலும் கான்கிரீட்டிலும் எழும்பின. எனக்கு வேறு செய்திகள் வந்தன.

திறப்புவிழா மாலை நான் போனபோது சரிவில் நடக்க இடமில்லை. நகரமே இறங்கி வந்தது போலிருந்தது. பாறை முகம் முழுக்க விளக்கு. வெட்டிய படித்தட்டுகளில் கண்ணாடி அலுவலகங்கள், நடுத்தட்டில் கடைகள், அடியில் ஏரி, எதிரே மேடை. மேடையில் நாதஸ்வரம் முடிந்து ஜாஸ் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் பாறையில் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். நிலத்தின் உரிமையாளர் பெரியவர் சக்கர நாற்காலியில் வந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் பிடித்து நிறுத்தி, "குழி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடையில் வாசித்த நன்றிப் பட்டியலில் சுண்ணாம்பு மேடம் முதலில் வந்தார். அழைத்தபோது அவர் மேடைப் பக்கம் இல்லை. மல்லிகாவின் கடையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். கைதட்டல் நிற்கவே இல்லை என்பதால் எழுந்து நின்று, தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை ஒரு தடவை உயர்த்தினார். அது போதும் என்பதுபோல் உட்கார்ந்துவிட்டார். கோலார்ப் பக்கம் இன்னொரு குவாரி கிடைத்திருப்பதாகவும், திங்கட்கிழமை அங்கே போவதாகவும் என்னிடம் சொன்னார். அந்த மாலைதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

கடைகளில் கூட்டம் வழிந்தது. எந்தப் பெண்ணும் சீருடை அணிந்திருக்கவில்லை. ஆனாலும் நிருபர் புத்தி.

"அந்தப் பத்திர விஷயத்துக்குப் பதில் வந்ததா மேடம்?"

"வரிசைக்குப் பின்னாடி போய்ப் பாருங்க சார். நேரா போகாதீங்க. இப்ப நிஜமா இடிக்கும்."

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். சுவரில் மின்மீட்டர்கள், கடைக்கு ஒன்றாக, வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. பத்திரம் யார் பெயரிலோ, அவர் பெயரில்தான் மின்வாரியம் மீட்டர் தரும். ஒவ்வொரு மீட்டரின் கீழும் ஒரு பெண்ணின் பெயர், கன்னடத்தில், பெயின்டால் எழுதியிருந்தது.